மசக்கை வாந்தி மூளையைத் தொடும்போது

மசக்கை என்றால் வாந்தி இருக்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்துக் கர்ப்பிணிகளில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும். ஒன்பதாவது வாரவாக்கில் உச்சத்துக்குப் போகும். நாலாம் மாதம், ஐந்தாம் மாதம் ஆகும்போது பெரும்பாலானோருக்குத் தானாக அடங்கிவிடும். "நாங்க எடுக்காத வாந்தியா?" என்று அப்பத்தாக்கள் சொல்வதும் இந்த வாந்தியை மனதில் வைத்துத்தான்.

நூற்றில் ஒருவர், இருவருக்கு வருகிற வாந்தி வேறு மாதிரி. குடித்த தண்ணீர் கூடத் தங்காது. எச்சிலை விழுங்கினாலே குமட்டும். வெளியே யாரோ கறி வதக்குகிற மணம் வந்தாலே ஓடிப்போய்க் குனிய வேண்டியிருக்கும். கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதாவது 50 கிலோ இருந்த பெண் இரண்டரை கிலோவுக்கு மேல் இளைத்துவிடுவாள். சிறுநீர் குறைந்து, அடர்ந்த மஞ்சளாகப் போகும். சாப்பாடு இல்லாமல் உடம்பு தன் கொழுப்பையே எரிப்பதால் சிறுநீரில் கீட்டோன் என்ற பொருள் தெரியும். இதற்கு மருத்துவத்தில் ஹைப்பர்எமிசிஸ் கிராவிடாரம் என்று பெயர். இந்தக் கட்டுரையில் கடும் வாந்தி என்றே சொல்லிக்கொள்வோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வாந்தி மனசில் இருந்து வருவதில்லை. பிள்ளை பிடிக்கவில்லை, மாமியார் வீடு பிடிக்கவில்லை, செல்லம் கொடுத்து வளர்த்த பெண் என்றெல்லாம் சொல்லக் கேட்டிருப்போம். நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வருகிற ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் இதில் பெரிய காரணம் என்று 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. கர்ப்பத்துக்கு முன்பு அந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்த பெண்களுக்கு, திடீரென்று அது கூடும்போது தாங்கமுடியாமல் போகிறது. அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான மார்லீனா ஃபெய்ஸோ, 1999இல் இதே கடும் வாந்தியால் தன் கருவை இழந்தவர்.

சரி, வாந்தி வயிற்றுச் சமாச்சாரம், மூளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பெரிய சம்பந்தம் பி1 என்கிற வைட்டமின் வழியாக வருகிறது. தயமின் என்றும் சொல்வார்கள். நாம் சாப்பிடுகிற சோறு, இட்லி, சர்க்கரை எல்லாம் கடைசியில் குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் ஓடுகிறது. அந்தக் குளுக்கோஸை உடைத்துச் சக்தியாக மாற்றும் வேலையில் முக்கியமான இடங்களில் பி1 நின்றாக வேண்டும். மூளை நம் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான், ஆனால் சும்மா இருக்கும்போதே உடம்பின் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே பி1 குறைந்தால் முதலில் தள்ளாடுவது மூளையும் நரம்பும்தான்.

இந்த வைட்டமினை உடம்பு அதிகம் சேர்த்து வைப்பதில்லை. மொத்தக் கையிருப்பே 25 முதல் 30 மில்லிகிராம் வரைதான். உள்ளே எதுவும் போகாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். கர்ப்பத்தில் தேவை வழக்கத்தைவிடக் கூடுதல். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: வாந்தி மூன்று வாரத்தைத் தாண்டுகிற பெண்ணின் உடம்பில் பி1 ஏறக்குறைய காலியாகியிருக்கலாம்.

இப்போது காரைக்குடி பக்கத்துப் புதுவயலில் ஒரு ரைஸ் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நெல் மூட்டை வந்து இறங்குகிறது. மிஷின் ஓட்டத் தெரிந்த நாலு பேர் இருந்த இடத்தில் இன்றைக்கு ஒரே ஒருவர். அவரும் மூன்று நாளாகத் தூங்கவில்லை. அந்த நேரத்தில் இன்னும் இரண்டு லாரி நெல்லைக் கொண்டுவந்து இறக்கினால் அரிசி கூடுதலாக வருமா? இருக்கிற ஒருவரும் விழுவார், மூட்டை வாசலை அடைத்துக்கொள்ளும். நெல் என்பது குளுக்கோஸ், மிஷின் ஓட்டுகிறவர் பி1. பல வாரம் வாந்தி எடுத்துச் சோர்ந்த பெண்ணுக்கு, பி1 போடாமல் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றினால் மூளைக்குள் நடப்பது இதுதான். மிச்சம் இருந்த கொஞ்சநஞ்ச பி1உம் அந்தக் குளுக்கோஸைக் கையாள்வதிலேயே தீர்ந்துபோகும். அதுவரை வெறும் சோர்வாக இருந்தவள், அடுத்த நாளே தள்ளாடவும் உளறவும் தொடங்கலாம்.

நம் பக்கத்தில் வாந்தி, மயக்கம் என்றால் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு வந்திருவோம்" என்பதுதான் முதல் யோசனை. தெருமுனைக் கிளினிக்கில் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும், முகத்திலும் கொஞ்சம் தெளிவு வரும். இரண்டு மூன்று நாள் வாந்திக்கு அதனால் பெரிதாகக் கெடுதல் இல்லை. மூன்று வாரத்தைத் தாண்டிய வாந்திக்கு அந்தப் பாட்டில் தனியாகப் போகக்கூடாது. பி1 ஊசி முதலில், அல்லது கூடவே. இந்தக் கட்டுரை முழுவதிலும் ஒரே ஒரு வரி நினைவில் நிற்கும் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும் என்பது என் ஆசை.

வெர்னிக்கி என்ற நோய்

பி1 பற்றாக்குறையால் மூளைக்கு வரும் கேட்டுக்கு வெர்னிக்கி மூளைநோய் என்று பெயர். ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கி 1881இல் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருவர் குடிப்பழக்கம் உள்ள ஆண்கள். மூன்றாமவர் 20 வயதுத் தையல்காரப் பெண். கந்தக அமிலத்தைக் குடித்ததில் அவருடைய இரைப்பையின் வெளிவாசல் சுருங்கி, ஓயாத வாந்தி வந்து, அப்புறம்தான் மூளை பாதித்தது. வாந்தியால் இந்த நோய் வரும் என்பது முதல் நாளிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. ஆனாலும் பின்னால் வந்த காலம் முழுக்க இது குடிகாரர்களின் நோய் என்றே பெயராகிவிட்டது. அதனால்தான் குடியே தெரியாத ஒரு கர்ப்பிணி தள்ளாடும்போது, வீட்டிலும் சரி, சில நேரம் மருத்துவமனையிலும் சரி, இது யாருக்கும் தோன்றுவதில்லை.

எப்படித் தெரியும்? பாடப்புத்தகம் மூன்று அடையாளம் சொல்கிறது: கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம், மனக் குழப்பம். மூன்றும் ஒன்றாக வரும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும், ஏனென்றால் பலருக்கு ஒன்றோ இரண்டோதான் வெளியே தெரிகிறது. வீட்டில் அது எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிற பெண் என்று வைத்துக்கொள்வோம். நாலாம் மாதம் தொடங்கிவிட்டது, வாந்தி நிற்கவில்லை. இரண்டாம் கட்டிலிருந்து வளவுக்கு வரும்போது ஒவ்வொரு தூணாகப் பிடித்துப் பிடித்து வருகிறாள். காலை அகட்டி வைக்கிறாள். நிலைப்படியைத் தாண்டும்போது அடி தவறுகிறது. "சாப்பிடாம கெடந்தா காலு நிக்குமா?" என்று அம்மா சொல்கிறார். டிவியில் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்கிறாள். "ரத்தம் இல்ல, அதான் கண்ணக் கட்டுது" என்று ஆயா (பாட்டி) சொல்கிறார். காலையில் வந்துபோன அயித்தையை, சாயங்காலம் "இன்னும் வரலையே" என்று கேட்கிறாள். எந்நேரமும் படுக்கையிலேயே கிடக்கிறாள். மசக்கைத் தூக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரண விளக்கம் கைவசம் இருக்கிறது, ஆபத்தே அதில்தான்.

அவளை உட்காரவைத்து, முகத்துக்கு நேரே ஒரு முழம் தள்ளி உங்கள் விரலை நீட்டுங்கள். தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் விரலைப் பார்க்கச் சொல்லி, மெதுவாக வலப்பக்கம், இடப்பக்கம் நகர்த்துங்கள். கருவிழி ஓரத்துக்குப் போனதும் வெடுக் வெடுக்கென்று துடித்தாலோ, ஒரு கண் ஓரம் வரை போகாமல் நடுவிலேயே நின்றாலோ, விரல் இரண்டாகத் தெரிகிறது என்று அவள் சொன்னாலோ, அன்றைக்கே மருத்துவமனை. கண் சரியாக இருந்தால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. தள்ளாட்டமோ குழப்பமோ மட்டும் இருந்தாலும் கிளம்ப வேண்டும்.

சிகிச்சை எளியது. பி1ஐ மாத்திரையாகக் கொடுத்துப் பயனில்லை, வாந்தியில் போய்விடும், குடலும் அந்த அளவு உறிஞ்சாது. நரம்பு வழியாகத்தான் போட வேண்டும். நோய் வந்துவிட்டது என்று சந்தேகம் இருந்தால் 500 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று முறை, சில நாட்கள் என்பது பல வழிகாட்டுதல்களில் உள்ள அளவு. வராமல் தடுக்க நாளுக்கு 100 மில்லிகிராம் போல இருந்தால் போதும். எதைப் போடுவது என்பது மருத்துவர் முடிவு. விலை குறைந்த மருந்து, குழந்தைக்கும் ஆபத்தில்லை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி, நீடித்த வாந்தியோடு வருகிற எல்லாக் கர்ப்பிணிகளுக்கும், குறிப்பாகக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன், தயமின் கொடுக்கச் சொல்கிறது. மெக்னீசியமும் குறைவாக இருந்தால் பி1 சரியாக வேலை செய்யாது, அதையும் ஈடுகட்ட வேண்டும்.

எம்ஆர்ஐ ஸ்கேனில் மூளையின் நடுப்பகுதியில் இரு பக்கமும் ஒரே மாதிரி மாற்றம் தெரியலாம். தெரியாமலும் போகலாம். ஆகவே ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காமல் ஊசியை முதலில் போடுவதுதான் சரி. சீக்கிரம் போட்டால் கண் சில மணி நேரத்திலோ சில நாளிலோ திரும்பிவிடும். நடை வாரக்கணக்கில் திரும்பும், சிலருக்கு முழுசாகத் திரும்பாது. தாமதமானால் கோர்சகோவ் என்கிற ஞாபக மறதி நிலைத்துவிடும். இன்று காலை நடந்தது மாலையில் நிற்காது. கரு கலையும் அபாயமும் கூடுகிறது. ஒரு ஊசியால் தடுத்திருக்கக்கூடிய ஒன்று இப்படி முடிவதைத்தான் என்னால் ஏற்கவே முடிவதில்லை.

புழுங்கல் அரிசி காப்பாற்றாதா?

பி1 கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. செட்டிநாட்டார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் மரத்து, வீங்கி, இதயம் நின்று சாவார்கள். சீனச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வந்த அந்த நோய், அங்கேயே வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. 1907இல் பிராடன் என்ற மருத்துவர் காரணத்தைச் சுட்டிக்காட்டினார்: சீனர்கள் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள், தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. அப்புறம் தீட்டினாலும் ஒரு பகுதி தங்கும். புதுவயல் மில்களில் நெல் அவிக்கிற ஆவிக்குள் இப்படி ஒரு சமாச்சாரம் இருக்கிறது.

ஆனால் சோறு உள்ளே போனால்தானே? கடும் வாந்திக்காரப் பெண்ணுக்கு நாம் கொடுப்பது என்ன என்று பாருங்கள். கஞ்சித் தண்ணீர், ரஸ்க், இளநீர், குளுக்கோஸ் பவுடர், பன். தங்குகிற கொஞ்சத்திலும் மாவும் சர்க்கரையும்தான், பி1 பேருக்குத்தான். வாய்க் குமட்டலுக்கு வெற்றிலை பாக்கு போடுகிற வழக்கம் இருந்தால், பாக்கில் உள்ள சத்துகள் பி1ஐக் கெடுக்கவும் செய்யும். "அதான் வைட்டமின் மாத்திரை சாப்பிடுறாளே" என்று யாராவது சொன்னால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மசக்கை வாந்திக்கு வழக்கமாக எழுதித் தருகிற மாத்திரையில் டாக்சிலமின் என்ற வாந்தி மருந்தோடு இருப்பது பி6. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற சத்து மாத்திரையில் இருப்பது இரும்பும் ஃபோலிக் அமிலமும். இரண்டிலும் பி1 இல்லை.

மற்ற கோளாறுகள்

பி1 குறைவு மூளையை விட்டுக் கால் நரம்பைப் பிடிப்பதும் உண்டு. பாதம் எரியும், மரத்துப்போகும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்துபோவாள். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டும். இதற்கும் மருந்து அதே ஊசிதான், தேறுவதற்கு மாதக்கணக்காகும்.

அடுத்தது உப்பு. வாந்தியோடு சோடியமும் பொட்டாசியமும் போய்விடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் கை கால் துவளும், இதயத் துடிப்பு தடுமாறும். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்க இறங்கத் தலைவலி, மந்தம், குழப்பம், கடைசியில் வலிப்பு வரை போகும். இங்கே உறவுக்காரர்களுக்குப் புரியாமல் சண்டை வருகிற ஒரு விஷயம் உண்டு. "உப்புதானே குறைவு, ஒரே நாள்ல ஏத்திவிட வேண்டியதுதானே?" கூடாது. பல நாளாகக் குறைந்த சோடியத்துக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். அதைத் தடதடவென்று ஏற்றினால் நரம்புகளின் மேலுறை கரைந்து, இரண்டு நாள் முதல் ஆறு நாள் கழித்துப் பேச்சுக் குழறி, விழுங்க முடியாமல், கை கால் செயலிழந்துபோகலாம். அதனால்தான் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏற்றாமல், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். மெதுவாகப் போகிற மருத்துவர் இந்த விஷயத்தில் நல்ல மருத்துவர்.

மூன்றாவது, மூளையின் ரத்தக்குழாயில் உறைகட்டி. கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும். உடம்பில் தண்ணீர் வற்றினால் இன்னும் கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாளுக்கு நாள் ஏறுகிற தலைவலி, பார்வை மங்கல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், வலிப்பு ஆகியவை இதன் அடையாளம். இந்த நோயே வாந்தியையும் கொண்டுவரும், அதனால் மசக்கைக் கணக்கில் போய்விடும். நம் நாட்டில் இது அதிகம் வருவது பிரசவத்துக்குப் பிறகு. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக்கூடாது என்கிற பத்தியம் இன்னும் இருக்கிற வீடுகள் அதைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். சிகிச்சைக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் வகை ஊசி இருக்கிறது. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது.

கடைசியாக, பயமுறுத்தும் ஆனால் சுலபமாகத் தீரும் ஒன்று. வாந்தியை நிறுத்தப் போடுகிற மெட்டோகுளோப்ரமைடு போன்ற ஊசிகளால் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், கண் மேலே சொருகும், தாடை இறுகும். இளம் பெண்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். பார்த்தால் வலிப்பு போல இருக்கும், ஆனால் அவளுக்கு முழு நினைவு இருக்கும். காற்று கருப்பு என்று எங்கும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மாற்று ஊசி போட்டால் சீக்கிரமே விட்டுவிடும். எந்த மருந்தால் வந்தது என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது, எங்கே

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, எடை நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்துவிட்டது என்றால் படுக்கை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கண், நடை, புத்தி ஆகிய மூன்றில் எதில் மாற்றம் தெரிந்தாலும், வலிப்பு வந்தாலும், தாங்காத தலைவலி இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனையிலிருந்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்பினால் தயங்காமல் போக வேண்டும். கிளம்பும் முன் "பி1 ஊசி போட்டாச்சா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. மதுரை ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம், அந்த நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்?

கேட்கத் தயக்கமாக இருக்கலாம். மருத்துவருக்கே சொல்லிக்கொடுப்பதா என்று தோன்றும். வார்த்தையை இப்படி வைத்துக்கொள்ளலாம்: "ஐந்து வாரமா வாந்தி டாக்டர், நாலு கிலோ குறைஞ்சிருச்சு, ஒண்ணுமே தங்கலை. குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி தயமின் போடணுமா?" எத்தனை வாரம், எவ்வளவு எடை என்ற இரண்டு விவரமும் அவருக்கு உதவும். இந்த நிலையில் வழக்கமாக முதலில் ஏற்ற வேண்டியது நார்மல் சலைன் என்கிற உப்பு நீர், பொட்டாசியம் சேர்த்து. ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவு இறங்கியிருந்தால் மட்டும் குளுக்கோஸைத் தள்ளிப்போட முடியாது, அப்போது பி1ஐக் கூடவே போடுவார்கள்.

வாந்தி நின்றதும் வீட்டில் ஒரு வேகம் வரும், விட்ட சாப்பாட்டையெல்லாம் ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டும் என்று. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறைய சாப்பாடு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சடாரென்று இறங்கி ஆபத்தாகும். பணியாரமும் கவுனி அரிசியும் இரண்டு வாரம் பொறுக்கட்டும். முதலில் கொஞ்சம் இட்லி, கொஞ்சம் பருப்புச் சோறு, முட்டை, வேகவைத்த பயறு என்று சிறிது சிறிதாகப் பல வேளை கொடுங்கள்.

கடும் வாந்தி ஒரு கர்ப்பத்தில் வந்தால் அடுத்ததிலும் வர வாய்ப்பு அதிகம். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை நாள் தள்ளிப்போன உடனேயே கிராம சுகாதார செவிலியரிடமும் மருத்துவரிடமும் அதைக் காட்டினால், வாந்தி முற்றுவதற்கு முன்பே மாத்திரையையும் பி1ஐயும் தொடங்கிவிடலாம்.